வெயில் இருக்கும் நேரம்தான் சாலை: குளிர்காலத்தில் ஸ்பிதி

சண்டிகர், வெள்ளி இரவு

இமாசலப் பிரதேசத்தின் உயர்மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்கு இரண்டு வழிகள் உண்டு. மணாலியிலிருந்து அடல் சுரங்கத்தைக் கடந்து குன்சும் கணவாய் வழியாகப் போவது ஒன்று. சிம்லாவிலிருந்து புறப்பட்டு, சட்லெஜ் நதியைப் பிடித்துக்கொண்டு கின்னௌர் மாவட்டம் வழியாகப் போவது இன்னொன்று. பிப்ரவரியில் எந்த வழி என்ற கேள்விக்கே இடமில்லை. 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சும், பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறந்த பிறகு அதற்கு அப்பாலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்திலும் போய்வர முடிகிறது. அதை வைத்து, அப்படியே ஸ்பிதியின் தலைமை ஊரான காஸாவுக்கும் போய்விடலாம் என்று நம்புகிறவர்கள் பலர். அந்தச் சுரங்கம் ரோதங் கணவாய்க்கு மாற்று, குன்சுமுக்கு அல்ல. ஆகவே எங்களுக்குக் கின்னௌர் வழிதான். போன வழியிலேயே திரும்பவும் வேண்டும்.

அண்ணன் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துக் கிலோமீட்டர் கணக்கு எழுதினார். சிம்லாவிலிருந்து கின்னௌரின் தலைமை ஊரான ரிக்காங் பியோ ஏறக்குறைய 230. அங்கிருந்து காஸா இன்னொரு 200. சமவெளியில் இது ஒரு நாள் ஓட்டம். நான் தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் மணிக் கணக்கு எழுதினேன்.

பிப்ரவரித் தொடக்கத்தில் இந்தப் பகுதியில் ஏழு மணிக்குச் சூரியன் உதிக்கிறது. மாலை ஆறு மணிக்கு மறைகிறது. ஆனால் அது அடிவானத்தின் கணக்கு. ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் சாலைக்கு வெயில் வந்து சேர ஒன்பது, பத்து ஆகிவிடும். நான்கு மணிக்கெல்லாம் மேற்கு மலை அதை விழுங்கிவிடும். பகலில் உருகிச் சாலையில் வழிந்த நீர் அதன் பிறகு மறுபடி உறையும். ஈரமும் நிழலும் உள்ள இடங்களில் நம்பி ஓட்டக்கூடியது பத்திலிருந்து நான்கு வரை. மலையில் சராசரி வேகம் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 120 கிலோமீட்டரே அதிகம்.

“அப்படியானால் தங்குமிடத்தை முதலில் குறிப்போம், பிறகு தேதியைப் பார்ப்போம்,” என்றார் அண்ணன். அந்த ஒரு வாக்கியம் எங்கள் திட்டத்தைச் சரியான திசையில் திருப்பியது. எந்த இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம், அந்த இடத்துக்கு வெயில் போவதற்குள் வந்துசேர முடியுமா என்ற இரண்டு கேள்விகளிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கின்றன.

ரிக்காங் பியோவுக்கு மேலே இருக்கும் கல்பாவிலும் காஸாவிலும் வேலை எதுவும் வைக்காத நாட்களை விட்டிருக்கிறோம். குளிர்காலத்தில் இமயமலைக்குப் பனி கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்துவரும் காற்றழுத்த அமைப்புகள். வானிலைத் துறை இவற்றை மேற்கத்தியக் கலக்கம் என்கிறது. ஒன்று கடந்ததும் சில நாள் தெளிந்த வானம், பிறகு அடுத்தது. நான்கைந்து நாளைக்கு முன்பே வருவது தெரிந்துவிடும். அதற்கு மேல் தெரியாது. எனவே இரண்டு வாரத்துக்கு முன்பே தேதிவாரியாக அறை பதிவு செய்து, அந்தத் தேதியைத் துரத்திக்கொண்டு ஓடுவது இந்தச் சாலையில் ஆபத்தான வேலை. தங்குமிடக்காரர்களிடம் நாள் முன்பின்னாகும் என்று சொல்லியே பேசினோம். குளிர்காலத்தில் ஸ்பிதியில் திறந்திருக்கும் வீடுகளே குறைவு. அவர்களும் சாலையை அறிந்தவர்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

சண்டிகர், சனி

இன்று முழுவதும் வண்டிக்கு.

எங்களுடையது பெட்ரோல் வண்டி, முன்சக்கர இயக்கம். நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். புதுப் பனி விழாத நாளில், வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலியோடு, காஸா வரை போகலாம். அதற்கு மேலே உள்ள கிராமங்களுக்கு இந்த வண்டியை எடுத்துப்போவதில்லை என்று இன்றே முடிவு செய்துவிட்டோம். நான்கு சக்கர இயக்கம் கிளம்பவும் ஏறவும்தான் உதவும். வழுக்கும் சாலையில் நிற்பதற்கு உதவுவது டயர் மட்டுமே.

பெட்ரோல் என்பதில் எனக்கு நிம்மதி. டீசலில் இயல்பாகவே மெழுகுப் பொருள் உண்டு. கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். காலையில் எஞ்சின் சுற்றும், பற்றாது. இதற்காகவே 2019-ல் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக் போன்ற இடங்களுக்காக மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. டீசல் வண்டியில் போகிறவர்கள் சமவெளியில் நிரப்பிய டீசலோடு காஸாவில் இரவு நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும். குளிர்ப் பகுதியிலேயே நிரப்புவது நல்லது. உறைவதைத் தடுக்கும் கலவையையும் வண்டியில் வைத்திருக்க வேண்டும்.

கூலண்ட் விஷயத்தில் ஒரு வியப்பு இருக்கிறது. அதன் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். சரிபாதி தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 35 வரை தாங்கும். குளிருக்குப் பயந்து கெட்டியாக ஊற்றுவதும், வெப்ப நாட்டுப் பழக்கத்தில் வெறும் தண்ணீரை நிரப்புவதும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும். கண்ணாடி கழுவும் தொட்டியில் இருந்த வெறும் தண்ணீரையும் காலி செய்துவிட்டு உறையாத திரவம் ஊற்றினோம். ஓடும்போது பீய்ச்சிய தண்ணீர் கண்ணாடியிலேயே உறைந்தால் சாலை மறைந்துவிடும்.

பேட்டரி பழையது, மாற்றிவிட்டோம். ஈய அமில பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் தன் திறனில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் தடித்துப்போய், கிளப்புவதற்கு அதிக விசை கேட்கும். இரண்டும் சேர்ந்து வரும் என்பதால் இதில் சிக்கனம் கூடாது.

மாலையில் வீட்டு வாசலில் டயர் சங்கிலி மாட்டிப் பழகினோம். முன்சக்கர இயக்கத்துக்கு முன் டயர்களில் மாட்ட வேண்டும். மாட்டிச் சிறிது தூரம் உருட்டிவிட்டு நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். கையுறை போட்ட கையோடு கொக்கியை மாட்ட அண்ணனுக்குப் பொறுமை போனது. அதைச் சமவெளியில், வெளிச்சத்தில், உலர்ந்த தரையில் போக்கிக்கொள்வது நல்லது. இருவரும் விளக்கை அணைத்துவிட்டு, தலையில் கட்டிய டார்ச்சோடு மீண்டும் ஒருமுறை மாட்டினோம்.

நார்கண்டா, ஞாயிறு மாலை

சிம்லா வரை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல அகலச் சாலை, நெரிசல். தல்லி தாண்டிய பிறகு குஃப்ரி நெருங்கும்போது தேவதாரு மரங்களின் நிழல் சாலையில் விழ ஆரம்பித்தது. அங்கேதான் பிளாக் ஐஸ்.

பெயரில் கறுப்பு இருந்தாலும் அதற்கு நிறமே கிடையாது. கண்ணாடி மாதிரி மெல்லிய உறைபனிப் படலம். அடியில் இருக்கும் தார் அப்படியே தெரியும். பார்த்தால் நனைந்த சாலை என்றுதான் தோன்றும். நனைந்த சாலையில் முன்வண்டியின் டயர் நீரைத் தெளித்துக்கொண்டு போகும். பளபளக்கும் சாலையில் தெளிப்பு இல்லையென்றால் அது நீர் அல்ல. வெளியே வெப்பநிலை மூன்று டிகிரி என்று வண்டி காட்டினாலும் நிழல் வளைவில், பாலத்தின் மேல், ஓடை குறுக்கிடும் இடத்தில் தரை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கலாம்.

எங்களுக்கு முன்னால் ஒரு சுற்றுலா வண்டி அப்படிப்பட்ட வளைவில் பிரேக்கை அழுத்திப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரமாகக் குவிந்திருந்த பனியில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அண்ணன் அதற்கு வெகுமுன்பே இரண்டாம் கியருக்கு இறங்கி, பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விடாமல் அந்த வளைவைக் கடந்தார். வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் எதையும் மாற்றக்கூடாது, ஸ்டீயரிங் தவிர.

நான்கு மணிக்கு முன்பே நார்கண்டா. 2,700 மீட்டர். வண்டியை முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினோம். ஹேண்ட் பிரேக் போடவில்லை. ஈரமாக இருந்தால் அது இரவில் உறைந்து பிடித்துக்கொள்ளும். வைப்பர்களைத் தூக்கி நிறுத்தினோம்.

ராம்பூர், திங்கள்

இன்று சிறிய ஓட்டம். சாலை சட்லெஜின் கரைக்கு இறங்கிவிடுகிறது. 2,700-லிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டருக்கு. காலையில் பனி, மதியம் மெல்லிய சட்டை போதும். இங்கிருந்து நேராக ரிக்காங் பியோ போயிருக்கலாம் என்று வரைபடம் சொல்லும். மாலை நான்கைத் தாண்டியிருக்கும். ஆகவே இங்கேயே நின்றோம்.

கல்பா, செவ்வாய்

கின்னௌர் வாசலில் மலையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை தலைக்கு மேலேயும் கவிந்து நிற்க, மறுபக்கம் சட்லெஜ் வெகு ஆழத்தில். தராண்டா தேவி கோயிலில் கடந்துபோகும் வண்டிகள் நின்று வணங்கிவிட்டுப் போகின்றன. நாங்களும் நின்றோம்.

அதற்கு அடுத்து நிகுல்சாரி. 2021 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இங்கே மலை சரிந்து அரசுப் பேருந்தும் மற்ற வண்டிகளும் புதைந்தன. 28 பேர் இறந்தார்கள். அது மழைக்காலம். குளிர்காலத்தில் அத்தகைய பெரிய சரிவுகள் அரிது. ஆனால் பாறை இடுக்கில் நீர் உறையும்போது விரிந்து பாறையைப் பிளக்கிறது. இரவெல்லாம் அந்தப் பனிக்கட்டியே பசையாக இருந்து கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். மதியம் வெயில் பட்டு உருகியதும் கல் விடுபடும். ராம்பூரில் எங்களுக்குத் தேநீர் கொடுத்தவர், இந்தச் சாலையில் பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர், அண்ணனிடம், “சாஹிப், பனிச் சாலைக்கு மதியம் நல்லது, பாறைச் சாலைக்குக் காலை நல்லது,” என்றார்.

இது எங்கள் பத்து மணி விதியைப் பாதியாக வெட்டிவிட்டது. உறைபனிக்கு எதிராக வெயிலைக் காத்திருக்க வேண்டும். கல்லுக்கு எதிராக வெயிலை முந்த வேண்டும். அப்படியானால் ஒரு நாளின் வழியை ஒரே துண்டாகப் பார்க்கக்கூடாது. எந்தப் பகுதி ஈரம், எந்தப் பகுதி உலர்ந்த பாறை என்று பிரித்து, எதை எந்த மணிக்குக் கடப்பது என்று எழுத வேண்டும். இன்று அதைச் செய்தோம். நதியோரப் பாறைச் சாலைக்காக எட்டு மணிக்கே ராம்பூரை விட்டோம். கல்பாவுக்கு ஏறும் நிழல் வளைவுகளுக்கு இரண்டு மணிக்கு வந்தோம்.

இடையில் ஜாக்ரிக்கு மேல் சட்லெஜ் மெலிந்து கிடக்கிறது. நாத்பாவில் அணை கட்டி, 27 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் நீரைக் கொண்டுபோய் ஜாக்ரியில் 1,500 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். குளிர்காலத்தில் மேலே பனி உருகாது. நதியில் நீரே குறைவு. இருப்பதும் மலைக்குள் போய்விட்டால் படுகையில் கற்கள்தான். பார்க்க மனம் கனத்தது.

பொவாரியில் டேங்கை முழுமையாக நிரப்பினோம். இதற்குப் பிறகு காஸா வரை பங்கை நம்ப முடியாது. டேங்க் நிறைந்திருப்பது தூரத்துக்காக மட்டுமல்ல. காலி இடத்தில் தேங்கும் காற்றின் ஈரம் உறைந்து எரிபொருள் வழியை அடைக்காமல் இருக்கவும்தான்.

கல்பா, புதன், வியாழன்

பனி பெய்கிறது. கலக்கம் சொன்னபடி வந்தது.

செவ்வாய் மாலை கின்னர் கைலாஷ் மலைத்தொடர் முழுவதும் ரோஜா நிறமாகி நின்றதைப் பார்த்தோம். புதன் காலை எதிரே ஒன்றுமே இல்லை, வெறும் வெண்மை. கல்பா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,960 மீட்டர். உயரத்துக்கு உடல் பழக இந்த ஓய்வு எப்படியும் தேவைப்பட்டது. பனி அதை எங்களுக்குக் கட்டாயமாக்கியது.

சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் ஷ்யாம் சரண் நேகியின் ஊர் இது. முதல் பொதுத்தேர்தல் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் 1952 தொடக்கத்தில் நடந்தபோது, இங்கே 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவை வைத்துவிட்டார்கள். காரணம் பனிதான். குளிர்காலம் வந்துவிட்டால் வாக்குப்பெட்டி மலையேறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஒரு நாட்டின் தேர்தல் ஆணையமே இந்த மலைகளின் கால அட்டவணைக்குத் தன் அட்டவணையை மாற்றிக்கொண்டது. ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டே இதை நினைக்கும்போது காத்திருப்பது எளிதாக இருந்தது. பள்ளி ஆசிரியராக இருந்த நேகி, 2022 நவம்பரில் மறையும் வரை ஒரு தேர்தலையும் விட்டதில்லை என்று விடுதிக்காரர் பெருமையோடு சொன்னார்.

வியாழன் மாலை மழை நின்ற மாதிரி பனி நின்றது. காஸா போகும் வழியில் மலிங் ஓடைப் பக்கம் சாலை அடைபட்டிருக்கிறது என்று செய்தி. எல்லைச் சாலைகள் அமைப்பின் இயந்திரங்கள் வேலை செய்கின்றன. விடுதியில் எங்களோடு தங்கியிருந்த இன்னொரு குழு வெள்ளி காலையே கிளம்பத் துடித்தது. திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை, வருத்தம்தான். குளிர்கால மலைக்குத் திரும்பும் தேதியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ரிக்காங் பியோ, வெள்ளி

கல்பாவிலிருந்து கீழே ஊர் மாறியிருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் இதற்குப் பின்னால் இரண்டு மணி நேர விவாதம் இருக்கிறது.

அடுத்த இரவு எங்கே? நாக்கோ, பியோவிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எங்கள் தூரக் கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் அது 3,660 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. தாபோ 3,280 மீட்டர்தான், உடலுக்கு நல்லது. தூரமோ இன்னும் 60 கிலோமீட்டர் கூடுதல். தூரம் ஒன்றைச் சொல்கிறது, மூச்சு இன்னொன்றைச் சொல்கிறது.

“வழியில் எது ஈரம் என்று பார்,” என்றார் அண்ணன். அங்கேதான் விடை கிடைத்தது. பூஹ் என்ற ஊரைத் தாண்டினால் மழை மறைவுப் பகுதி. உலர்ந்த பாலைவனம்; மரமில்லை, நிழலில் கசியும் ஊற்றும் குறைவு. அந்தச் சாலையில் காலையில் கடுங்குளிர் இருக்கும், உறைபனி அதிகம் இருக்காது. கல்லும் அசையாது. உண்மையான இடர் கல்பாவிலிருந்து பியோவுக்கு இறங்கும் தேவதாரு வளைவுகள்தான். புதுப்பனி மிதிபட்டுக் கட்டியாகியிருக்கிறது. அதைக் காலை ஏழு மணிக்கு இறங்க முடியாது. ஆகவே இன்று மதிய வெயிலில், சங்கிலி மாட்டி, அந்தச் சில கிலோமீட்டரை மட்டும் இறங்கிவிட்டோம். நாளை ஏழு மணிக்குப் பியோவிலிருந்து கிளம்பினால் நான்குக்கு முன் தாபோ.

இப்படி ஊரை விட்டு ஊர் மாறி நாளைக்கு இடம் செய்துகொள்வதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

தாபோ, சனி

மூன்றரை மணிக்கு வந்துவிட்டோம். வழியெல்லாம் எழுத வேண்டியது.

ஸ்பில்லோவுக்கு அப்பால் மரங்கள் விடைபெற்றன. மண், பாறை, மேலே பனி. காப் என்ற இடத்தில் ஸ்பிதி நதி சட்லெஜில் வந்து கலக்கிறது. கோடையில் இரண்டும் சேறாக ஓடும். இப்போது இரண்டுமே தெளிந்து, பச்சையும் நீலமுமாக. இங்கே சட்லெஜ் திபெத்திலிருந்து வருகிறது. நாம் அதை விட்டு ஸ்பிதியின் பக்கம் திரும்புகிறோம். தேசிய நெடுஞ்சாலை 5-ஐ விட்டு 505-இல் ஏறும் இடமும் இதுதான்.

அதன்பின் கா என்ற ஊரின் வளைவுகள். செங்குத்தான மலைமுகத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. எதிரே ராணுவ லாரி வரிசை. மலையில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை. இறங்குகிற வண்டி அகலமான இடத்தில் நின்று வழிவிட வேண்டும். அத்தனை பெரிய லாரிகள் எங்கள் சின்ன வண்டிக்காக மேலே காத்து நின்றன. அண்ணன் ஒவ்வொருவருக்கும் கை உயர்த்தினார்.

நாக்கோவில் ஏரி உறைந்திருந்தது. அரை மணி நேரம் மட்டும் நின்றோம். மலிங் ஓடையில் இயந்திரம் ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் பனியை வெட்டி வைத்திருந்தது. இருபுறமும் ஆள் உயரச் சுவர். மஞ்சள் சட்டைத் தொழிலாளர்கள் வழுக்கும் இடத்தில் மண் தூவிக்கொண்டிருந்தார்கள். மைனஸில் வெளியே நின்று நாள் முழுவதும் மண்வெட்டி பிடிக்கும் அவர்களால்தான் இந்தச் சாலை இருக்கிறது. எங்களிடம் இருந்த பிஸ்கட், உலர்பழம் எல்லாவற்றையும் கொடுத்தோம். ஒருவர் சங்கிலியைத் தட்டிப் பார்த்து, தளர்ந்திருந்த கொக்கியைக் காட்டிக்கொடுத்தார்.

சும்தோ சோதனைச் சாவடியில் பெயர் எழுதினோம். இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. வெளிநாட்டவர்கள் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

இரவு அறையின் நடுவில் இரும்பு அடுப்பு. இங்கே தந்தூர் என்கிறார்கள். வீட்டுக்கார அம்மா விறகும் சாணமும் இட்டுத் தீ மூட்டினார். புகைக்குழாய் கூரை வழியே வெளியே போகிறதா, இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று நான் எழுந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, தானே ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து காட்டினார். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. பனியில் சிக்கிய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அப்படியே; புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால் புகை உள்ளே வரும்.

காஸா, ஞாயிறு

தாபோ மடாலயம் பொது ஆண்டு 996-ல் எழுந்தது. மண் சுவர், மண் கூரை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இருட்டுக்குக் கண் பழகப் பழக, சுவரிலிருந்து உருவங்கள் ஒவ்வொன்றாக முன்னே வருகின்றன. சுதைச் சிற்பங்கள், அவற்றைச் சுற்றி ஆயிரம் ஆண்டு நிறங்கள். படம் எடுக்க அனுமதியில்லை. அது எவ்வளவு நல்லது என்று உள்ளே நின்றபோது புரிந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு மணி நேரம் பார்த்தோம். 1975 ஜனவரியில் கின்னௌரை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தையும் தாண்டி இது நிற்கிறது. இதற்காக மட்டுமே இந்தச் சாலையில் வரலாம்.

பதினொன்றுக்குக் கிளம்பி 47 கிலோமீட்டர். இரண்டு மணிக்குக் காஸா.

காஸா, திங்கள்

ஓய்வு. தலைவலி அண்ணனுக்கு லேசாக இருக்கிறது, பசியில்லை. 3,600 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இன்று மேலே எங்கும் போவதில்லை. தலைவலி குறையும் வரை உயரம் கூட்டக்கூடாது. வலி கூடினால் கீழே இறங்க வேண்டும். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கண்டிப்பாக முன்பே சொல்ல வேண்டும்.

காலையில் டயர் அழுத்தம் பார்த்தேன். இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. பத்து டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறையும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி கூடுதலாகக் காட்டும். இந்த உயரத்துக்கு ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. அதனால் கீழேயே கணக்குப் போட்டு ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். தங்கும் ஊரில், காலையில், ஓட்டுவதற்கு முன் அளந்து சரிசெய்தால் போதும்.

பேட்டரியை இரவு கழற்றி அறைக்குள் வைத்திருந்தோம். எஞ்சின் முதல் சாவியிலேயே பற்றியது. குழாய்களில் தண்ணீர் வராது. உடைந்துவிடும் என்று பனிக்கு முன்பே வடித்துவிடுகிறார்கள். வாளியில் வருகிறது, யாரோ சுமந்து கொண்டுவந்தது. ஒரு குவளையைக்கூட வீணாக்க மனம் வரவில்லை.

காஸா, செவ்வாய் மாலை

அண்ணனுக்குத் தலைவலி போய்விட்டது. முடிவு செய்தபடி எங்கள் வண்டியை நிறுத்திவைத்துவிட்டு, உள்ளூர்க்காரரின் நான்கு சக்கர இயக்க வண்டியில் கீ, கிப்பர், சிச்சம் கிராமங்களுக்குப் போய்வந்தோம். கீ மடாலயத்தில் ஒரு துறவி வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கிப்பர் 4,200 மீட்டருக்கு மேல். பனிச்சிறுத்தை இறங்கிவரும் பருவம் என்பதால் பள்ளத்தாக்கின் விளிம்பில் தொலைநோக்கிகளோடு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பார்த்தது மலையாடுகளை மட்டும்.

சிச்சம் பாலத்தின் நடுவில் நின்றால் கீழே பள்ளம் எங்கே முடிகிறது என்று தெரியாது. 2017-ல் இந்தப் பாலம் வரும் முன்பு, கயிற்றில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து கையால் இழுத்து அக்கரைக்குப் போனார்கள். எங்களை அழைத்துவந்தவரின் தாயார் அப்படிப் போனவர். “பனிக்காலத்தில் கயிறு உறைந்திருக்கும், கை ஒட்டிக்கொள்ளும்,” என்றார்.

ஹிக்கிம், லாங்சா இன்னும் மீதி. நாளைக்கு அவற்றை வைத்திருந்தோம். இன்று மாலை வானிலை அறிவிப்பில் லாஹௌல் ஸ்பிதிக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருக்கிறது. அடுத்த கலக்கம். அது விழுந்து மலிங் அடைபட்டால் திறக்க எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணனுக்கு லாங்சாவின் பெரிய புத்தர் சிலையைப் பார்க்க மிகவும் ஆசை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே தாளை எடுத்து, மறுபக்கத்தில் மணிக் கணக்கு எழுதினார்.

நாளை பத்து மணிக்குக் கிளம்பித் தாபோவில் இரவு. வியாழன் காலை ஏழுக்குக் கிளம்பி மலிங்கைப் பத்தரைக்குள் தாண்டி, காப் பாறைகளை மதிய வெயிலுக்கு முன் கடந்து, நான்குக்குள் பியோ. பனி வெள்ளியன்று தொடங்கினால் நாங்கள் 2,300 மீட்டருக்குக் கீழே இருப்போம். டேங்க் நிரப்பியாயிற்று. சங்கிலியைக் கழுவி, உலர்த்தி, மேலே எடுத்துவைத்தாயிற்று. பேட்டரி அடுப்புக்கு எட்டாத மூலையில் இருக்கிறது. பியோவில் சிக்னல் கிடைத்ததும் மலிங்கின் நிலையை முதலில் எழுதுகிறேன். இந்த வாரம் மேலே வர நினைப்பவர்கள் அதுவரை கல்பாவிலேயே இருங்கள்.